பட்டாவுக்கு வரும் பணம், உழுகிறவருக்கு வருமா?

நான்கு மாதங்களுக்கு ஒரு முறை மதுரை மாவட்டத்துக் கிராமங்களில், டீக்கடையிலும் வங்கி வாசலிலும் ஒரே பேச்சுதான்.

“அண்ணே, கிசான் பணம் ஏறிருச்சா?”

“ஏறிருச்சுப்பா. காலையிலேயே மெசேஜ் வந்துருச்சு. ஒனக்கு?”

“எனக்கு எங்கிட்டுண்ணே வரும்? நான் உழுகிறது அடுத்தவுக நெலமில்ல.”

கேட்டவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் கடைசிப் பதிலில் ஒரு பெரிய நியாயக் கேள்வி இருக்கிறது. அரசு மக்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறதென்றால், அதை யாருக்குக் கொடுக்க வேண்டும்? நிலம் வைத்திருப்பவருக்கா, உழுகிறவருக்கா, ஏழைக்கு மட்டுமா, அல்லது எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லோருக்குமா? கடைசியாகச் சொன்னதற்கு ‘அனைவருக்குமான அடிப்படை வருமானம்’ என்று பெயர். உலகம் முழுவதும் பல காலமாகப் பேசப்படும் இந்த யோசனையில் விவசாயக் குடும்பங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

நிபந்தனை இல்லாத பணம், ஆனால் வாசலில் பட்டா

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே ஆண்டிலேயே அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டார்கள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்குக் கிடையாது.

இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. யூரியா வாங்கலாம், பள்ளிக் கட்டணம் கட்டலாம், மருந்து வாங்கலாம். அந்த வகையில் இது நிபந்தனையற்ற பணம்தான். ஆனால் வாசலிலேயே ஒரு நிபந்தனை நிற்கிறது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவருக்கும், கோயில் நிலத்தில் சாகுபடி செய்கிறவருக்கும், கூலிக்கு நாற்று நடுகிறவருக்கும் இடமே இல்லை.

அப்படி வெளியே நிற்பவர்கள் சிறு கூட்டமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். விவசாயத்தை நம்பி வாழ்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘விவசாயி’ என்ற பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஒரு வயல், இரண்டு குடும்பங்கள்

ஓர் உதாரணம். மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா செல்லூரில் குடியிருக்கும் ஒரு வயதான அம்மாவின் பெயரில். கணவர் இல்லை, மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நிலத்தை உழுகிறவர் அதே ஊர்க்காரர். ஏக்கருக்கு 8 மூடை என்று வாய்ப்பேச்சில் குத்தகை.

மேலூர் ஒருபோகப் பாசனப் பகுதி 85,563 ஏக்கர். வைகை அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்துத்தான் அங்கே கால்வாயில் தண்ணீர் வரும். திறப்பு தள்ளிப் போனால் நாற்றங்கால் முற்றிப் போகும். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் நின்றால் பதராகும். அந்த நஷ்டம் முழுவதும் உழுகிறவர் தலையில்தான் விழும். விதை, உரம், டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் அவர் கைக்காசு. ஆனால் 6,000 ரூபாய் செல்லூருக்குப் போகிறது.

இதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது மாத்திரை வாங்குகிற பணம். அதைப் பிடுங்கி உழுகிறவருக்குக் கொடுத்தால் நியாயம் ஆகிவிடாது. ஓர் ஏழையிடமிருந்து எடுத்து இன்னொரு ஏழைக்குக் கொடுத்ததாகத்தான் முடியும். இருவருக்கும் தேவை இருக்கிறது. அவரிடம் பத்திரம் இருக்கிறது, இவரிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நிலத்தை ஒட்டிக் கொடுக்கப்படும் சலுகைகள் எல்லாவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு. 1990-ல் தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. பல குடும்பங்களைக் காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்குத்தான் அது பயன்படும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து மானாவாரி விவசாயி வானத்தைப் பார்த்துப் பருத்தியும் சோளமும் விதைக்கிறார். அவருக்கு அந்தச் சலுகையில் ஒரு காசும் இல்லை. அவர் நிலத்தில் களை எடுக்கும் பெண்ணுக்கோ அந்தப் பேச்சே கிடையாது.

கோடு போட்டால் வெளியே நிற்பது யார்?

‘அப்படியானால் ஏழைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு மட்டும் கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழையைக் கண்டுபிடிப்பது அத்தனை சுலபமில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டுக்குள் பெண் செய்யும் கூலியில்லாத வேலைக்கு ஓர் அங்கீகாரம் அது. ஆனால் தொடங்கியபோது வகுத்த விதிகளில் பல கோடுகள் இருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான கார் இருக்கக்கூடாது.

சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. முதல் கட்டத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குப் பணம் போனது. மீதிப் பேரில் உண்மையில் வசதியானவர்களும் உண்டு. அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே மின் இணைப்பில் இருந்தால் யூனிட் கூடிவிடும். தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கும் கூட்டுப் பட்டா ஏக்கரைக் கூட்டிக் காட்டும். நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 30 நாள் அவகாசம் தரப்பட்டது. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதும் ஒரு செலவுதானே.

தகுதியானவர் வெளியே நிற்பது ஒரு பக்கம். தகுதியில்லாதவர் உள்ளே நுழைவது இன்னொரு பக்கம். 2020-ல் கிசான் நிதித் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்த முறைகேடு எல்லோருக்கும் நினைவிருக்கும். நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது. பிறகு அதைத் திரும்ப வசூலிக்க வேண்டியதாயிற்று. வாசலில் காவல் வைத்தால் காவலை ஏமாற்றுகிறவரும் வருவார். ஏமாற்றத் தெரியாதவர் வெளியே நிற்பார்.

ரேஷன் கடை சொல்லும் பாடம்

எல்லோருக்கும் கொடுப்பது என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997-ல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர், மேல் உள்ளவர் என்று பிரித்து ரேஷன் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து, எல்லோருக்கும் பொதுவான ரேஷனைத் தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாதவருக்குப் பண்டகமில்லா அட்டையும் உண்டு. ‘நீ ஏழைதானா’ என்று அரசு கேட்கவில்லை. ‘உனக்கு வேண்டுமா’ என்று மட்டும் கேட்டது. வசதியானவர்களில் பலர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். அரிசி வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்கவும் இல்லை.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் இதே வழிதான். விடியற்காலையில் மல்லிகைக் கூடையோடு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகும் பெண்ணிடம், ‘உனக்கு எத்தனை ஏக்கர்?’ என்று நடத்துநர் கேட்பதில்லை.

பொதுச் சொத்தில் ஒரு பங்கு

‘வேலை செய்யாதவருக்கும், பணக்காரருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை மேலூர் பக்கத்துக் கண்மாய்க் கரையிலேயே பார்க்கலாம்.

கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்கள் எல்லாம் ஊத்தா, கச்சா, வலையோடு ஒன்றாக இறங்குவார்கள். நிலமுள்ளவர், இல்லாதவர், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற கேள்வி இல்லை. ஒருவருக்குக் கூடை நிறையும்; இன்னொருவருக்குக் குழம்புக்கு மட்டும் கிடைக்கும். ஆனால் இறங்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைப்பதுதான் வழக்கம். கண்மாய் ஊருக்குப் பொது என்பதுதான் இதற்கு அடிப்படை.

இதே நியாயத்தை 1797-ல் தாமஸ் பெய்ன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் ‘வேளாண் நீதி’ என்ற சிறு நூலில் எழுதினார். பூமி முதலில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதைத் தனதாக்கிக்கொண்டவர் மற்றவர்களுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் வாதம். அதனால் 21 வயது ஆகும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையும், முதியவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும், ஏழை பணக்காரர் பேதமில்லாமல் கொடுக்கச் சொன்னார். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருவாயைப் போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். 1982 முதல் அதன் லாபத்தில் ஒரு பங்கு, குழந்தைகள் உட்பட அங்கே நிலையாக வசிக்கும் அனைவருக்கும் ஆண்டுதோறும் போகிறது. பூமிக்கடியில் இருந்த எண்ணெயை யாரும் உழைத்து உண்டாக்கவில்லை என்பதுதான் அங்கேயும் நியாயம்.

இன்னொன்றும் உண்டு. ‘வரி கட்டுகிறவன் பணத்தை வரி கட்டாதவனுக்குக் கொடுக்கிறார்கள்’ என்று சிலர் சொல்வார்கள். செருப்பு வாங்கினாலும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் கூலித் தொழிலாளி ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கஜானாவில் அவர் பங்கும் இருக்கிறது.

சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவார்களா?

இதை ஊகத்தில் பேச வேண்டியதில்லை. 2011-12-ல் மத்தியப் பிரதேசத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் நிதியுதவியோடு இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டுக் கிராமங்களில் ஒவ்வொருவருக்கும் நிபந்தனை இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். ஓராண்டு கழித்து 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

பணம் வந்த கிராமங்களில் வேலை குறையவில்லை. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சிறு விவசாயிகள் பலர், சொந்த நிலத்தில் கூடுதல் நேரம் உழைத்தார்கள். ஆடு மாடு வாங்கினார்கள். விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்தார்கள். குழந்தைகளின் எடை தேறியது. குடிக்கான செலவு கூடியதாகத் தெரியவில்லை. விதைப்பு நேரத்தில் கையில் பணம் இருந்தால் வட்டிக் கடைக்குப் போக வேண்டியதில்லை, விளைச்சலை முன்கூட்டியே அடிமாட்டு விலைக்குப் பேசிவிட வேண்டியதில்லை என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த உண்மை.

பணத்துக்கு எங்கே போவது?

இந்த யோசனையின் பெரிய முட்டுக்கட்டை செலவுதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். தலைக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 86,500 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். முதல் கட்ட உரிமைத் தொகைக்கு ஆகும் செலவோ சுமார் 12,700 கோடிதான். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. மாநில அரசு தனியாகத் தூக்கக்கூடிய சுமை அல்ல இது.

பொருளாதார அறிஞர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் தயாரான 2016-17 மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியது. தலைக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மக்களில் 75 சதவீதம் பேருக்கு என்று கணக்குப் போட்டது. அதற்கே நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம் தேவைப்பட்டது.

இங்கேதான் விவசாயிகள் உஷாராக இருக்க வேண்டும். அந்தச் செலவைச் சரிக்கட்ட, ‘ரேஷனை நிறுத்திவிட்டுப் பணமாகத் தருகிறோம், உர மானியத்தை எடுத்துவிட்டுப் பணமாகத் தருகிறோம்’ என்ற யோசனைகள் கூடவே வரும். பணத்தின் மதிப்பு தேயும். 20 கிலோ அரிசி என்றைக்கும் 20 கிலோதான். கிசான் நிதி 2019-ல் 6,000 ரூபாய், 2025-லும் அதே 6,000 ரூபாய். ஒரு நாளைக்குக் குடும்பத்துக்குப் 16 ரூபாய் சொச்சம். 2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் இந்த 500 ரூபாய் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கொள்முதல் நிலையமும், நியாய விலையும், ரேஷனும் இருக்க, அவற்றுக்கு மேலே வருகிற பணம்தான் விவசாயிக்கு வருமானம். அவற்றை எடுத்துவிட்டுக் கொடுக்கிற பணம் வெறும் ஈட்டுத்தொகை.

பக்கத்து மாநிலங்கள் திறந்த கதவு

எல்லோருக்கும் கொடுக்க இன்றைக்கு முடியாவிட்டாலும், வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்த முடியும். தெலங்கானா 2018-ல் ‘ரைது பந்து’ திட்டத்தில் பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. நிலம் கூடினால் பணமும் கூடும், குத்தகைக்காரருக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் இதே நியாயக் கேள்வி எழுந்தது. 2025 ஜனவரியில் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்ற தனித் திட்டத்தை அந்த மாநிலம் தொடங்கியது.

ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த ‘காலியா’ திட்டம் முதலிலேயே பங்குச் சாகுபடியாளரையும் சேர்த்துக்கொண்டது. நிலமற்ற குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான், தேனீ வளர்ப்புக்கு 12,500 ரூபாய் என்று வகுத்தது. ஆந்திரா 2019-ல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நில உரிமையாளரும் உழுகிறவரும் 11 மாத ஒப்பந்தம் போட்டால், உழுகிறவருக்கு ஓர் அட்டை கிடைக்கும். அதை வைத்துக் கடன், காப்பீடு, அரசு உதவி பெறலாம். நிலத்தின் மீது எந்த உரிமையும் கோர முடியாது.

தமிழ்நாட்டில் குத்தகை வாய்ப்பேச்சிலேயே நடப்பதற்குக் காரணமும் அந்தப் பயம்தான். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுகிறவரைக் காக்க வந்தவை. ஆனால் ‘கையெழுத்துப் போட்டால் நிலம் கையை விட்டுப் போயிரும்’ என்று நினைக்கும் உரிமையாளர் காகிதம் எழுதுவதில்லை. காகிதம் இல்லாததால் உழுகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இருவருக்கும் பயமில்லாத ஒரு சாகுபடியாளர் அட்டை இங்கேயும் வந்தால், பாதிச் சிக்கல் தீரும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா, தந்தை பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றம் செய்யுங்கள். வாரிசு வழியில் வந்த நிலத்துக்குக் கிசான் நிதியில் இடம் உண்டு. கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து தனிப் பட்டாவாக்கினால், மற்ற திட்டங்களிலும் ஏக்கர் கணக்கு சரியாக இருக்கும். தவணை நின்றுபோனவர்கள் ஆதார் இணைப்பையும் இ-கேஒய்சி-யையும் முதலில் சரிபாருங்கள்.

குத்தகைக்கு உழுகிறவர்கள் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பருவத்துக்கான அடங்கல் பெற்று, கடைசித் தேதிக்கு முன் பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். விவசாயக் கடன் அட்டைக்கும் குத்தகைதாரர், பங்குச் சாகுபடியாளர் தகுதியானவர்களே. தனியாகக் கேட்டால் வங்கி தயங்கும். நான்கைந்து பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து கேட்டால் வழி உண்டு.

கிராம சபைக் கூட்டத்தில் ‘எங்கள் ஊரில் உழுகிறவர்கள் இத்தனை பேர், பட்டா உள்ளவர்கள் இத்தனை பேர்’ என்று கணக்கெடுத்துத் தீர்மானம் போடலாம். சாகுபடியாளர் அட்டை வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பட்டா என்பது நிலம் யாருடையது என்பதற்குச் சான்று. அந்த வயலில் யார் உழைக்கிறார் என்பதற்கு அது சான்றல்ல. யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதற்கும் அல்ல. டீக்கடையில் சிரித்துவிட்டு எழுந்து போன அந்தக் குத்தகைக்காரர், இன்றைக்கும் விடிவதற்குள் அடுத்தவர் வயலில் மடை திறந்துகொண்டிருப்பார். அவர் பெயரும் இருக்கிற ஒரு பட்டியல் வேண்டும்.